சஹனுக்கு எழுநூறு

ரம்ஸியாவுக்குப் போன் எடுத்து, கலியாணத்துக்குப் படம் எடுக்க எவ்வளவு என்று கேட்டால் அவள் விலை சொல்ல மாட்டாள். "எத்தினை சஹன்?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவருக்கு முதலில் ஒன்றும் விளங்காது. படம் பிடிக்கிறவளோடு பேசுகிறோமா, புரியாணி சமைக்கிறவளோடு பேசுகிறோமா என்று குழம்புவார். "பொம்பளைகள் பக்கம் மட்டும் சொல்லுங்க. எத்தினை சஹன் போடுறீங்க?" என்று அவள் இன்னொரு முறை கேட்டதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இராது. அந்த நேரத்தில் அங்கே ஒரு பொய் தயாராகிக்கொண்டிருக்கும். பதினொரு வருட அனுபவத்தில், சத்தமில்லாத நேரம் எவ்வளவு என்பதை வைத்தே வரப்போகும் பொய் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிட அவள் பழகியிருந்தாள்.

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. புத்தளம் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் கௌரவத்தை அளக்கும் கோலும் அதுதான். பெண்ணின் குணம், மாப்பிள்ளையின் படிப்பு எல்லாம் பிறகு. எத்தனை சஹன் போட்டார்கள் என்பதுதான் ஊர் கேட்கும் முதல் கேள்வி. ஊருக்குச் சொல்லும்போது அந்த எண் ஊதிப் பெருத்திருக்கும். சமையற்காரருக்குச் சொல்லும்போது மட்டும் சரியான அளவில் இருக்கும், ஏனென்றால் அவரிடம் குறைத்துச் சொன்னால் கடைசிப் பந்தி பட்டினி. ரம்ஸியாவிடம் வரும்போது அதே எண் எலும்பும் தோலுமாக வந்து நிற்கும். ஒரே கலியாணத்துக்கு மூன்று எண். மூன்றையும் ஒரே வாய்தான் சொல்லும், அதுவும் ஒவ்வொரு தடவையும் "அல்லாஹ் மேல ஆணையா" என்று முன்னுக்குப் போட்டுச் சொல்லும்.

அவள் பாலாவிக்காரி. வாப்பா உப்பளத்தில் மூட்டை தூக்கியவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு புத்தளம் டவுனில் ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் வேலைக்குப் போனாள். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரும் பெண்களை அவள்தான் எடுப்பாள். அவள்தான் கம்ப்யூட்டரில் வெட்டிச் சரிபார்ப்பாள். முகம் மூடிக்கொண்டு வரும் பெண்கள், தங்கள் படத்தை ஓர் ஆம்பிளை பெரிதாக்கிப் பார்ப்பதை விரும்புவார்களா? ஒன்பது வருடம் அந்த அறையில் இருந்து எல்லோருடைய கழுத்தையும் நேராக்கி அனுப்பினாள். பிறகு சொந்தமாக ஒரு கமரா வாங்கினாள், பெண்கள் பக்கக் கலியாணங்களுக்கு என்று.

ஆரம்பத்தில் நாள் கணக்கில்தான் விலை வைத்தாள். ஒரு கலியாணம், இருபத்தையாயிரம். எலுவன்குளத்தில் இருபது சஹன் கலியாணத்துக்கும் அதே விலை. அடுத்த வாரம் டவுனில் இருநூறு சஹன் கலியாணத்துக்கும் அதே விலை. இரண்டாவதில் ஆயிரத்து இருநூறு முகங்களை எடுத்தாள். ஒவ்வொரு முகமும் இன்னொரு படம் வேண்டும் என்றது. கண் மூடிவிட்டது, முக்காடு சரியில்லை, பிள்ளை அழுதுவிட்டான், திரும்ப எடு. மணிக்கட்டு வீங்கி மூன்று நாள் பேனை பிடிக்க முடியவில்லை.

அந்தக் கலியாணத்தில்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். சமையற்காரர் மக்பூல் நானாவோடு யாரும் பேரம் பேசவில்லை. சஹனுக்கு இவ்வளவு, இத்தனை சஹன், முடிந்தது கதை. "நம்மட ஆள்தானே, பாத்துப் போடுங்க" என்று யாரும் அவருடைய தோளில் கை போடவில்லை. ஆறு பேர் தின்பதற்கு ஒரு விலை இருக்குமென்றால் அந்த ஆறு பேரைப் படம் எடுப்பதற்கு ஏன் இருக்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து சஹன் கணக்கு. சஹனுக்கு எழுநூறு ரூபாய். சஹனின் மூடியைத் திறக்கும் முன் அந்த ஆறு பேரும் அதோடு ஒரு படம், பிறகு மேடையில் பெண்ணோடு ஒரு படம், வேண்டுமென்றால் இரண்டு. படம் எதுவும் வெளிக் கடைக்குப் போகாது. அவளுடைய வீட்டு அறையிலேயே பிரிண்டர் இருக்கிறது. அல்பம் கலியாணப் பெண்ணின் கைக்கு மட்டும் போகும். இவ்வளவும் அந்த எழுநூறுக்குள்.

ஊர் சிரித்தது. "படத்தையும் சோத்தையும் ஒரே தராசுல போடுறாள்" என்றது. சிரித்துக்கொண்டே அவளைத்தான் கூப்பிட்டது, ஏனென்றால் வேறு பெண் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். எண்ணை அவளிடம் கூட்டிச் சொன்ன ஒரே வீடும் உண்டு. அது எலுவன்குளத்து விவசாயி ஒருவருடைய வீடு. "இருபத்தஞ்சு எண்டு போடுங்க மகள், ஆராவது படத்துல விடுபட்டுப் போனா மனசு நோகும்" என்றார் அந்த மனுஷன். வந்தது பத்தொன்பதுதான். மிச்ச ஆறு சஹனுக்கான காசை அவள் அங்கேயே திருப்பிக் கொடுத்தபோது, வாங்குவதற்கு அவர் வெட்கப்பட்டார். டவுனில் மாடி வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வெட்கம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

இனி ஸலாஹுதீன் ஹாஜியார் வீட்டுக் கதைக்கு வருவோம். பாலாவிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகத் தெரியும் உப்பு வயல்களில் பாதி அவருடையது. அவருடைய மகள் ஃபஸ்னாவுக்குக் கற்பிட்டியில் மாப்பிள்ளை. நண்டும் இறாலும் கொழும்புக்கு அனுப்பும் வீடு, கை நிறையக் காசு. ஹாஜியார் ஆண்கள் பக்கத்துக்குச் சிலாபத்திலிருந்து ஓர் ஆளை அமர்த்தினார். ட்ரோன் பறக்கவிடும் ஆள். ஆம்பிளைகள் இறைச்சி கடிப்பதை ஆகாயத்திலிருந்து எடுப்பதற்கு ஒன்றரை லட்சம். அதற்கு ஹாஜியார் "சரி" என்ற ஒரு சொல்லோடு தலையாட்டினார். பெண்கள் பக்கத்து விலையைப் பேசும் வேலை அவருடைய பெண்சாதி கமறியாவுக்கு வந்தது.

கமறியா சாதாரண ஆள் இல்லை. புத்தளத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் கமறியா சொல்வதுதான் சட்டம். எந்தத் தையற்காரியிடம் போவது, எந்த மருதாணிக்காரியைக் கூப்பிடுவது, யாரைக் கூப்பிடாமல் விடுவது, எல்லாம் அவள் வாயில். டிசம்பர் விடுமுறைக் கலியாணங்கள்தான் ரம்ஸியாவின் வருடச் சோறு. அந்த டிசம்பர் கமறியாவின் நாக்கு நுனியில் இருந்தது.

ரம்ஸியா போனபோது வீட்டில் தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. மேடைப் பூவுக்கு மூன்று லட்சம் என்றாள் கமறியா. கேக் ஏழு தட்டு என்று படம் காட்டினாள். அதில் ஆறு தட்டு தின்ன முடியாத ரெஜிபோம் அட்டை, மேலே ஐசிங் பூசியது, என்பது ரம்ஸியாவுக்குத் தெரியும். பார்த்ததுமே தெரியும். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கமறியா குரலை இறக்கினாள்.

"நம்மட ஆக்களுக்குள்ள சின்னக் கலியாணம்தான் மகள். பொம்பளைகள் பக்கம் அறுவது சஹன்."

"அறுவதா மாமி?"

"அல்லாஹ் மேல ஆணையா அறுவது. அதுலயும் ரெண்டு மூண்டு மிஞ்சும். எங்கட ஊட்டுக் கலியாணம் எடுத்தீங்க எண்டா ஒங்களுக்கு எவ்வளவு பேர் வரும், பாருங்களே. அத வச்சி நீங்கதான் குறைக்கோணும்."

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். பேர் வரும், பேர் வரும் என்று இந்தப் பதினொரு வருடத்தில் அவளுக்கு வந்த பேர்களையெல்லாம் சேர்த்து அடுப்பில் போட்டால் ஒரு கேத்தல் தண்ணீர் கூடச் சுடாது. ரம்ஸியா வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தாள். குறைக்கவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. ஒப்பந்தத் தாளை எடுத்து அறுபது என்று எழுதினாள். அதன் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். எழுதிய எண்ணுக்கு மேல் எடுக்க வேண்டுமென்றால், வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே சரியான எண்ணிக்கையைத் தன் வாயால் சொல்ல வேண்டும். வண்ணாத்திவில்லுவில் ஒரு வீட்டார் கலியாணம் முடிந்த பிறகு, "ஆரு ஒங்கள கூட எடுக்கச் சொன்ன?" என்று கேட்டார்கள். அன்று சேர்த்த வரி அது. அதை ரம்ஸியா இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். கமறியா ஈ விரட்டுவதுபோலக் கையை வீசிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"கற்பிட்டி ஆக்களுக்கு எண்டு பத்து சஹனத் தனியா ஒதுக்கி வைப்பமா மாமி? அவங்க பிந்தித்தானே வருவாங்க."

"அதெல்லாம் வாணாம். அவங்க வாறதுக்கு முந்தி எங்கட ஆக்கள வடிவா எடுத்து முடிங்க. பொறகு மேடையில எடம் கிடைக்காது."

இது நடந்த மறுநாள் ரம்ஸியா மக்பூல் நானாவுக்குப் போன் எடுத்தாள். "ஹாஜியார் ஊட்டுக்குப் பொம்பளைகள் பக்கம் எத்தினை நானா?" என்று கேட்டாள். "நூத்தி நாப்பது. முன்பணமும் தந்தாச்சி" என்றார் அவர். கற்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. அவளிடம் கேட்டால், "பொம்பளைகளுக்கு மட்டும் முன்னூறாமே! ஊரே அதத்தான் கதைக்குது" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வார்கள். இங்கே கமறியா எண்பது சஹன் சோற்றையே மறைத்திருந்தாள், அதுவும் ஒரு பக்கம் மறைத்து, மறுபக்கம் இல்லாத சோற்றைக் காட்டி.

புருஷன் இன்ஷாப் பாலாவிச் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். நல்ல மனுஷன், ஆனால் பெரிய வீட்டு வாகனம் பின்னால் ஹோர்ன் அடித்தால் ஓட்டோவை வீதியோரக் கானுக்குள் இறக்கிவிடும் வகை.

"அறுவது எண்டு சொன்னா அறுவதுக்கு வாங்கிக்கிட்டு எல்லாரையும் எடுத்துக் குடு" என்றான். "அந்த மனிசி வாயத் தொறந்தா டிசம்பர் போச்சி."

"எடுத்துக் குடுத்தா டிசம்பர் மட்டுமா போகும்? நாளைக்கு ஒவ்வொரு ஊட்டுலயும், ஹாஜியார் ஊட்டுக்கே நூத்தி நாப்பத அறுவதா எடுத்தாள், எங்களுக்கு என்ன எண்டு கேப்பாங்க. அதுக்குப் பொறகு சஹன் கணக்கு எண்டு ஒண்டு ஈக்குமா?"

"அப்ப போய்ச் சண்டை புடிக்கப் போறியா?"

"இல்ல. அவ அறுவது எண்டு சொன்ன. நான் அறுவது எடுக்கப் போறன்."

எப்போதும் கேட்கும் இரண்டாவது தேநீரை இன்ஷாப் அன்று கேட்கவில்லை. ரம்ஸியா தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். விலையை விட்டால் விலை போகும். விடாவிட்டால் பிழைப்பே போகும். இரண்டில் எது போனாலும் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்பது வருடம் பின்னறையில் இருந்து ஊரார் கழுத்தையெல்லாம் நேராக்கியவள் தன் கழுத்தைக் கொஞ்சம் நேராக வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாள்.

கலியாணம் மன்னார் வீதி மண்டபத்தில். பெண்கள் பக்க வாசலில் கமறியா தானே சொல்லி ஒட்டுவித்த அறிவித்தல் இருந்தது. உள்ளே கைப்பேசி கொண்டுவர வேண்டாம் என்று. இரண்டு குமர்ப் பிள்ளைகள் பையோடு நின்று வருகிறவர்களுடைய போனையெல்லாம் வாங்கிப் போட்டார்கள். போன வருடம் யாரோ ஒரு பெண்ணின் கலியாணப் படம் வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போன பிறகு நல்ல வீடுகளில் வந்த பழக்கம் அது. நல்ல பழக்கம்தான். ஆனால் அதனால் அந்த மண்டபத்துக்குள் படம் எடுக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றாகிவிட்டது என்பதைக் கமறியா யோசிக்கவில்லை. அது ரம்ஸியாவின் கழுத்தில் தொங்கியது.

இன்ஷாபின் தங்கை ஷிம்லா வெளிச்சம் பிடிக்க வந்திருந்தாள். எண்ணுவதும் அவள்தான். ஒரு சஹன் முடிந்தால் தாளில் ஒரு கோடு. வேறு யார் வீட்டில் என்றாலும் சத்தமில்லாமல் கோடு போடுவாள். அன்றைக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் எண்ணைச் சொல்லிச் சொல்லிப் போட்டாள்.

கமறியாவின் அக்கா தங்கைமார், அவர்களுடைய மருமக்கள், மருமக்களின் சிநேகிதிகள், ஹாஜியாரின் மாமி மக்கள், உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் பெண்சாதி என்று வரிசை வந்துகொண்டே இருந்தது. கமறியா மேடைப் படியில் நின்று, "வாங்க, வாங்க, இன்னொண்டு எடுங்க" என்று தன் சொந்தக்காரரை உந்தி உந்தி ஏற்றினாள். நாற்பதாவது சஹனில் ஹாஜியாரின் மச்சாள் ஒருத்தி மூன்றாவது தடவையாக ஏறினாள், முதல் தடவை வளையல் தெரியவில்லையாம். ஐம்பதில் ஷிம்லா போய்ச் சொன்னாள்.

"மாமி, அம்பது முடிஞ்சி. பத்துதான் மிச்சம்."

"சரி சரி, எடுங்க."

ஐம்பத்தைந்தில் மறுபடியும் போய்ச் சொன்னாள். கமறியா அவளைப் பார்க்கவும் இல்லை. இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அறுபதாவது சஹன் கமறியாவின் ஒன்றுவிட்ட தங்கையின் பேரப்பிள்ளைகள். ஆறு பிள்ளைகளில் நான்கு அழுதன. எடுத்து முடித்துவிட்டு ரம்ஸியா லென்ஸின் மூடியைப் போட்டு, கமராவை மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரக் கதிரையில் இருந்தாள். ஷிம்லா அவளுக்கு ஒரு ஃபலூடா கொண்டுவந்து கொடுத்தாள். ரம்ஸியா அதை நிதானமாகக் கரண்டியால் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கற்பிட்டி ஆட்கள் வந்தார்கள். ஆறு பஸ். முன்னால் மாப்பிள்ளையின் உம்மா றுக்கியா, கையில் மருமகளுக்குப் போடப்போகும் நகைப்பெட்டி. பருத்த உடம்பு, சின்னக் கண், எதையும் ஒரே பார்வையில் நிறுத்துப் பார்க்கும் வியாபாரக்காரி. நேராக மேடைக்கு ஏறி, பெட்டியைத் திறந்து, மாலையின் கொளுக்கியைக் கழற்றி, ஃபஸ்னாவின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தபடி கமராவைத் தேடினாள். மாமியார் மாலை போடுவதுதான் கற்பிட்டிக்காரர்களுக்கு மொத்தக் கலியாணத்திலும் பெரிய நிமிஷம். அதற்கொரு படம் இல்லையென்றால் போடாத மாதிரித்தான்.

கமரா சுவரோரத்தில் ஃபலூடா குடித்துக்கொண்டிருந்தது.

கமறியா ஓடி வந்தாள். "மகள், என்ன இருந்துட்டீங்க? எழும்புங்க, சம்மந்தி மாலை போடப் போறாங்க!"

"அறுவது முடிஞ்சி மாமி."

"என்ன அறுவது?"

"சஹன். நீங்க சொன்ன அறுவது. ஷிம்லா ரெண்டு தரம் வந்து சொன்னாள்."

கமறியாவுக்குக் கோபம் வந்தது. பிறகு அதை விழுங்கி, சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு, ரம்ஸியாவின் காதுக்குள் குனிந்தாள். "இப்ப எடுங்க புள்ள. பொறகு பாத்துக்குவம்."

பொறகு. கலியாண வீடுகளில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று ரம்ஸியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "எண்ணிக்கைய சொல்லுங்க மாமி. சொன்ன ஒடனே எடுக்கிறன்" என்றாள்.

"எம்பது."

"எம்பதா?"

"சரி, நூறு. நூறு எண்டு வச்சிக்கங்க."

"நூறு எண்டா நாப்பது சஹன் ஆக்கள் படத்துல வர மாட்டாங்க மாமி. கற்பிட்டி ஆக்கள்ல ஆர விடோணும் எண்டு நீங்களே சொல்லிட்டீங்க எண்டா நல்லம்."

மேடையில் றுக்கியா மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். கை வலித்திருக்கும். ஃபஸ்னா கழுத்தை நீட்டியபடி அசையாமல் இருந்தாள். கற்பிட்டிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கமராக்காரப் புள்ளைக்கு என்ன சுகமில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். போன் எல்லாம் வாசலில் பைக்குள். வெளியே நிற்கும் ட்ரோன்காரனை உள்ளே விட முடியுமா? கமறியா நான்கு பக்கமும் பார்த்தாள். தானே கட்டிய வேலிக்குள் தானே நின்றாள்.

"நூத்தி நாப்பது" என்றாள், உதடு அசைகிறதா இல்லையா என்ற அளவில்.

ரம்ஸியாவுக்கு அது கேட்டது. நன்றாகவே கேட்டது. அந்த இடத்தில் எழுந்துபோய் எடுத்திருந்தால் அவள் நல்ல மனுஷி என்று பேர் வாங்கியிருப்பாள். ஆனால் பேர் விஷயத்தில் அவளுக்கு ஏற்கெனவே அலுப்பு. மூடியைக் கழற்றி, கமராவைச் சரிபார்த்து, மேடைக்கு நேராக வந்து நின்றுகொண்டு, "கேக்கல்ல மாமி" என்றாள்.

கமறியா அவளுக்குப் பின்னாலேயே ஓடி வந்து மேடையில் ஏறியிருந்தாள், சம்மந்திக்குப் பக்கத்தில். காலையிலிருந்து அடக்கிய பதற்றம், மூன்று லட்சத்துப் பூ, அழுத பேரப்பிள்ளைகள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாய் வழியாக வெடித்தது.

"நூத்தி நாப்பது! நூத்தி நாப்பது சஹன்! போதுமா ஒங்களுக்கு? எடுங்க!"

 குழந்தைகள் கூட அழுகையை நிறுத்திவிட்டு யாரென்று பார்த்தன. மாலையைப் பிடித்திருந்த றுக்கியாவின் சின்னக் கண்கள் மெல்லத் திரும்பின.

"நூத்தி நாப்பதா?" என்றாள். "எங்களுக்கு முன்னூறு எண்டு சொன்னீங்களே சம்மந்தி."

கமறியாவின் வாய் திறந்தபடியே நின்றது. ரம்ஸியாவிடம் குறைத்த பொய்யும் கற்பிட்டிக்குக் கூட்டிய பொய்யும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. அந்த உண்மையான எண் இரண்டு பக்கமும் அவளை வெட்கப்படுத்தியது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு.

றுக்கியா ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள். மாலை அவள் கையில் ஆடியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் சிரிப்புக்கு நடுவில். "நீங்க முன்னூறு எண்ட ஒடனே நாங்க மாப்பிள்ளை ஊட்டு வலீமா விருந்துக்கு முன்னூத்தம்பது எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டம். சமைக்கிறது நூத்தம்பதுதான். ஒரு கெழமையா எனக்கு நித்திரை இல்ல, நாளைக்கு எந்த மூஞ்சோட ஒங்களுக்கு முன்னால நிக்கிற எண்டு!"

அந்தச் சிரிப்போடு கொளுக்கியை மாட்டினாள். ரம்ஸியா அழுத்தினாள். நடுவில் கழுத்து நீட்டிய பெண், ஒரு பக்கம் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மாமியார், மறுபக்கம் வாய் பிளந்தபடி உம்மா. பதினொரு வருடத்தில் அவள் எடுத்த படங்களில் யாரும் எதற்காகவும் முகத்தைத் தயார் செய்யாத படம் அது ஒன்றுதான். பிறகு மிச்ச எண்பது சஹனையும் ஒருவர் விடாமல் எடுத்துக் கொடுத்தாள். மேடையை விட்டு இறங்கும்போது றுக்கியா அவளுடைய கையைப் பிடித்து, "நாளைக்கு எங்கட வலீமாவுக்கும் வாங்க மகள். நூத்தம்பது. இந்தா, இப்பவே சத்தமா சொல்லிட்டன்" என்றாள்.

மண்டபத்தை விட்டுப் போகும் முன் ஹாஜியார் நூற்று நாற்பதுக்கும் ஒரு சதம் குறையாமல் காசைக் கொடுத்துவிட்டார். ட்ரோன்காரனுக்குக் காட்டாத முறைப்பைக் கொடுக்கும்போது காட்டினார் என்று, வாசலில் போய் வாங்கிவந்த ஷிம்லா சொன்னாள்.

கமறியா சும்மா விடுவாளா? வாரக் கூட்டத்தில் ரம்ஸியாவை நாக்கு நீண்டவள், அடக்கம் இல்லாதவள், கலியாண வீட்டில் கூத்துக் காட்டியவள் என்றாள். மூன்று வாரம் ரம்ஸியாவின் போன் சத்தம் போடவில்லை. இன்ஷாப் ஒவ்வொரு நாளும் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து, "ஆரும் எடுத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குளிக்கப் போவான்.  விலையைக் காப்பாற்றிவிட்டு அந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் இருந்தால் அது என்ன விலை? டிசம்பர் வருமுன் பிரிண்டரை விற்றுவிடலாமா என்று கூட யோசித்தாள்.

நான்காவது வாரம் ஒரு போன் வந்தது. டவுன் பெரிய வீடு ஒன்று. வாரக் கூட்டத்தில் கமறியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவள். சலாம் சொன்ன கையோடு, "தொண்ணூத்தி ரெண்டு சஹன் மகள். மக்பூல் நானாட்டயும் கேட்டுப் பாருங்க, அதேதான்" என்றாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் நான்கு. டிசம்பர் நிரம்பியது. பொய் சொன்னால் மேடையில் வைத்துக் கேட்பாள் என்ற பயம் ஊருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஊர் திருந்திவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்போது எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, "ஆனா எங்கட சஹன்ல அஞ்சு பேர்தான் இருப்பாங்க மகள், அதுக்குக் குறைக்க மாட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

மாலை போட்ட அந்தப் படத்தைக் கமறியா அல்பத்தில் போட வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னாள். ரம்ஸியா அதைப் போடவும் இல்லை. ஆனால் றுக்கியாவுக்கு அந்தப் படத்தின் ஞாபகம் போகவில்லை. பிறகொரு நாள் நேரில் வந்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொன்னாள். விலை கேட்டாள்.

"அதுக்குச் சல்லி வாணாம் மாமி" என்றாள் ரம்ஸியா. "அது எந்த சஹன்லயும் சேராத படம்."

ஊரில் அவள் காசு வாங்காமல் கொடுத்த ஒரே படம் அது. றுக்கியா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேராகச் சம்மந்தி வீட்டுக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனாள். மாமியார் கொடுத்ததை மாட்டாமல் விட்டால் மகளுக்கு அங்கே என்ன பாடோ என்று கமறியா அதைப் பெண்கள் இருக்கும் உள்ளறையில் மாட்டினாள். றுக்கியா எந்த நேரம் வருவாள் என்று சொல்ல முடியாது. ஆதலால் கழற்றவும் முடியவில்லை.

உள்ளே வருகிற பெண்களின் கண் முதலில் போவது அந்தத் திறந்த வாய்க்குத்தான். "இதுல என்ன சொல்லிக்கிட்டு நிக்கிறீங்க மாமி?" என்று கேட்பார்கள். கமறியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "மாலை போடுற நேரம்தானே," என்பாள், "நபி மேல சலவாத்து சொன்ன நான்."